தன் முதுகு தனக்குத் தெரியாது
(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று ரொம்ப நாள் யோசித்தேன். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் பஞ்சமே இல்லை. அதனால் இரண்டு வருடமாக என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அதுதான் ஸ்கை டைவிங். அதாவது, நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்திலிருந்து பொழுதுபோக்குக்காகக் குதிப்பது!

சிரிக்காதீர்கள். நான் இதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் எங்கள் தெருத் தண்ணீர் டேங்க்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லோடுமேன். அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். விமானத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. ஆனால் படித்துப் பார்த்தபோது அவர்கள் பொழுதுபோக்குக்கும், அம்மாவின் வேலைக்கும், நம் ஒர்க்‌ஷாப்புக்கும் ஒரு சம்பந்தம் இருப்பது தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வேகம் கூடிக்கொண்டே போகுமா?

முதலாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் சார் ஒரு கேள்வி கேட்டார். "4000 மீட்டர் உயரத்திலிருந்து ஒருத்தன் குதிக்கிறான். தரைக்கு வர வர அவன் வேகம் கூடிக்கிட்டே போகுமா, போகாதா?" நான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, "கூடிக்கிட்டே போகும் சார்" என்றேன். "உட்கார். காத்துன்னு ஒண்ணு இருக்கறதை மறந்துட்டே" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றைக்குத்தான் நூலகத்தில் போய்த் தேட ஆரம்பித்தேன்.

காற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நமக்குத் தெரிந்த சூத்திரத்தில் போட்டால், 4000 மீட்டரிலிருந்து தரைக்கு வர சுமார் 29 வினாடி ஆகும். தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 280 மீட்டர். அதாவது மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர்!

உண்மையில் நடப்பது வேறு. விழுகிறவரின் எடை கீழே இழுக்கிறது. காற்றின் தடை மேலே தள்ளுகிறது. எடை மாறாது. ஆனால் காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஆகவே ஒரு கட்டத்தில் தடையும் எடையும் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. அதைத்தான் முற்றுத் திசைவேகம் என்று பாடத்தில் படிக்கிறோம். வயிறு தரையைப் பார்க்க, கை கால்களை விரித்து விழுகிறவருக்கு அது மணிக்குச் சுமார் 190 முதல் 200 கிலோமீட்டர். இந்த வேகம் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி போதும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஐந்து, ஐந்தரை வினாடி.

தலைகீழாக விழுந்தால் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைந்து, வேகம் மணிக்கு 240, 280 என்று ஏறும். காற்று மெலிந்த உயரத்தில் இன்னும் கூடும். 2012 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரியாவின் பெலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தபோது ஒலியின் வேகத்தையே தாண்டினார். மணிக்கு 1357 கிலோமீட்டர்! 2014-ல் ஆலன் யூஸ்டஸ் என்ற அமெரிக்கர் 41 கிலோமீட்டருக்கும் மேலே போய்க் குதித்தார். செய்தித்தாளில் வருவது இவர்கள்தான். நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றி இல்லை. சனி, ஞாயிறு குதித்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற சாதாரண ஆட்களைப் பற்றி.

சனிக்கிழமை காலை

இந்தப் பொழுதுபோக்கு பெரிய அளவில் நடக்கும் நாடு அமெரிக்கா. கலிபோர்னியாவில் பெரிஸ், புளோரிடாவில் டிலாண்ட் போன்ற ஊர்கள் இதற்கே பெயர் பெற்றவை. அங்கே குதிக்க வருகிறவர்களில் செவிலியர் உண்டு, வெல்டர் உண்டு, வாத்தியார் உண்டு, கம்ப்யூட்டர் ஆட்கள் உண்டு. ஒரு தடவை விமானத்தில் ஏறிக் குதிக்க ஏறத்தாழ 30 டாலர். சொந்தமாகப் பாராசூட் வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும். பலர் மற்ற செலவுகளைக் குறைத்துக்கொண்டு இதற்குச் சேமிக்கிறார்கள். நம் நாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. இந்திய ரயில்வேயில் வேலை பார்த்த ரேச்சல் தாமஸ் 2002-ல் வட துருவத்தின் மேலே குதித்தார். 2005-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சனிக்கிழமை காலையில் குதிக்கும் மைதானத்துக்கு வந்ததும் முதல் வேலை வானத்தைப் பார்ப்பது. மேகம் மூடியிருந்தாலோ, காற்று பலமாக இருந்தாலோ காத்திருக்க வேண்டியதுதான். பயிற்சி மாணவர்களுக்குத் தரைக்காற்று மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதி. நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, ஒரு தடவைகூடக் குதிக்காமல் வீட்டுக்குத் திரும்பும் நாட்களும் உண்டாம்.

காத்திருக்கும்போது சும்மா இருக்க மாட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து வானத்தில் கைகோத்து உருவங்கள் அமைப்பது ஒரு போட்டி. 35 வினாடிக்குள் எத்தனை உருவம் என்பதுதான் கணக்கு. அந்த 35 வினாடிக்காகத் தரையில் எத்தனை மணி நேரம் ஒத்திகை தெரியுமா? சக்கரம் வைத்த பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, தரையிலேயே உருண்டு உருண்டு, யார் கை யார் காலைப் பிடிக்க வேண்டும் என்று பழகுவார்கள். வீடியோவில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரிய பெரிய ஆட்கள் குழந்தைகள் மாதிரி தரையில் தவழ்கிறார்கள்! ஆனால் அப்படிப் பழகியதன் பலனைப் பாருங்கள். 2006 பிப்ரவரி 8 அன்று தாய்லாந்தில் 400 பேர் வானத்தில் ஒரே உருவமாக இணைந்தார்கள்.

குதித்து முடித்ததும் ஒவ்வொருவரும் தன் பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனையாவது குதிப்பு, எந்த ஊர், எந்த விமானம், எத்தனை அடி உயரம், எத்தனை வினாடி விழுந்தது என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதை வைத்துத்தான் உரிமம். முதல் நிலைக்குக் குறைந்தது 25 குதிப்பு. அடுத்தடுத்த நிலைகளுக்கு 50, 200, 500. நம் ரெக்கார்டு நோட்டு மாதிரிதான். ஒரே வித்தியாசம், அதைப் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்த்துக் காப்பி அடித்தால் மாட்டிக்கொள்வது வாத்தியாரிடம் இல்லை, வானத்திடம்!

பைக்குள் என்ன இருக்கிறது?

1797 அக்டோபர் 22 அன்று பாரிசில் கார்னரின் என்பவர் பலூனிலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் தன்னைத் துண்டித்துக்கொண்டு இறங்கினார். அவருடையது குடை போன்ற பட்டுப் பாராசூட். இன்றைக்குப் பொழுதுபோக்குக்குக் குதிப்பவர்கள் பயன்படுத்துவது வட்டமாக இருக்காது. நீள்சதுரமான நைலான் இறக்கை அது. வரிசையாக அறைகள் இருக்கும். முன்பக்கம் திறந்த வாய் வழியாகக் காற்று புகுந்து விறைப்பாக நிற்கும். 1960-களில் டொமினா ஜால்பெர்ட் கண்டுபிடித்த அமைப்பு இது. அதனால் நேராகக் கீழே விழாமல், முன்னோக்கிச் சறுக்கிக்கொண்டு, திருப்பிய பக்கம் திரும்பி இறங்க முடிகிறது.

முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று முதன்மை. மற்றொன்று மாற்று. முதன்மை விரிவது இப்படி: கையால் ஒரு சின்னக் குட்டிப் பாராசூட்டைக் காற்றில் வீசுவார்கள். காற்று அதை இழுக்கும். அது பையைப் பூட்டியிருக்கும் ஊசியை உருவும். உள்ளே மடித்த துணி மேலே போய், கயிறுகள் நீண்டு, இறக்கை விரியும். சட்டென்று ஒரே நொடியில் விரிந்தால் உடம்பு தாங்காது. அதற்காகக் கயிறுகளின் வழியே மெதுவாக இறங்கி வரும் ஒரு சதுரத் துணியை மாட்டியிருக்கிறார்கள். வேகம் படிப்படியாகத்தான் குறையும்.

முதன்மை சிக்கிக்கொண்டால்? வலப்புறக் கைப்பிடியை இழுத்து அதைக் கழற்றிவிட வேண்டும். பிறகு இடப்புறக் கைப்பிடியை இழுத்து மாற்றைத் திறக்க வேண்டும். மெக்கானிக்கல் மாணவர்களே, கழற்றும் அமைப்பைக் கவனியுங்கள்! பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று வளையங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு நெம்புகோல். ஆளின் முழு எடையும் பெரிய வளையத்தில் தொங்கினாலும், கடைசியில் இருக்கும் சின்னக் கயிற்று வளையத்துக்கு வருவது அதில் மிகச் சிறு பங்குதான். அதனால் ஒரு இழுப்பில் கழன்றுவிடும். 1970-களில் பில் பூத் என்பவர் கண்டுபிடித்தது. நாம் முதலாண்டில் படித்த அதே நெம்புகோல்தான், நண்பர்களே!

ஆள் மயங்கிவிட்டால்கூட வழி இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் கருவி 1991-ல் விற்பனைக்கு வந்தது. சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஆள் இன்னும் வேகமாக விழுந்துகொண்டே இருந்தால், அதுவே மாற்றுப் பாராசூட்டின் பூட்டுக் கயிற்றை அறுத்துத் திறந்துவிடும்.

முதன்மையைப் பெரும்பாலும் அவரவரே மடித்துக்கொள்ளலாம். ஆனால் மாற்றை மடிக்க உரிமம் பெற்ற ஆள் வேண்டும். குதிக்கும்போது அவர் மடித்து 180 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இது அமெரிக்கச் சட்டம். அவர் மடித்து, சிவப்பு நூல் கட்டி, ஈய முத்திரை வைத்து, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவருக்குப் பாராசூட்டில் அவ்வளவு ஆர்வம் இல்லை. "கயிறை எப்படித் தைப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். துணியோடு கயிறு சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் என்று படத்தைக் காட்டினேன். "இது பார்டேக் சாமி! பேண்ட்டுல பெல்ட் போடற பட்டிக்கு அடிப்பாங்களே, அதேதான்" என்றார். உண்மைதான். அதே தையல்தான்! நான் மூன்று மாதம் படித்ததை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

மூன்று முறை

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குதிப்பவர்கள் தங்கள் கருவியை எத்தனை முறை சோதிப்பார்கள்? மூன்று முறை. பையை மாட்டும் முன் ஒரு முறை. விமானத்தில் ஏறும் முன் ஒரு முறை. குதிக்கும் முன் ஒரு முறை. மார்புப் பட்டை கொக்கிக்குள் சரியாக நுழைந்திருக்கிறதா? வளையங்கள் மூன்றும் வரிசையில் இருக்கின்றனவா? இரண்டு கைப்பிடியும் இடத்தில் இருக்கின்றனவா? தானியங்கிக் கருவி ஓடுகிறதா? உயரமானி சரியாகக் காட்டுகிறதா?

ஆனால் பையைப் பூட்டும் ஊசி மட்டும் முதுகில் இருக்கிறது. பையை மாட்டிய பிறகு அதைத் தானே பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, "என் ஊசியைப் பாருங்க" என்று கேட்க வேண்டும். முதல் தடவை வந்தவரும் கேட்பார். பத்தாயிரம் தடவை குதித்தவரும் கேட்பார். யாரும் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை. நம் ஊரில் பெரியவர்கள் "தன் முதுகு தனக்குத் தெரியாது" என்று சொல்வார்கள். அந்தப் பழமொழியை இவர்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3000 அடிக்குக் கீழே போகும் முன் முதன்மையைத் திறக்க வேண்டும் என்பது முதல் நிலை உரிமக்காரருக்கு விதி. திறக்காவிட்டால் அங்கிருந்து தரைக்கு 17 வினாடி! சரியாக விரியவில்லை என்றால், 2500 அடிக்குள் முடிவெடுத்துக் கழற்றிவிட வேண்டும். "இன்னொரு தடவை உதறிப் பார்க்கலாமா?" என்று யோசிக்க நேரமில்லை. அதனால்தான் தரையில் நிற்கும்போதே இரண்டு கைப்பிடிகளையும் பார்த்து, தொட்டு, வரிசையைச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறார்கள்.

பலன் என்ன? அமெரிக்காவில் 1970-களில் இந்த விளையாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-ல் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகள். இறந்தவர்கள் 10 பேர். அந்த 10-ம் பெரிய இழப்புதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழேயே, தரைக்குப் பக்கத்தில் வேகமாகத் திருப்பி அடிபடுகிறவர்களும் உண்டு. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மனுஷன் அவசரப்பட்டால் என்ன செய்ய முடியும்?

மற்றபடி எல்லாம் சரியாக இருந்தால் அந்த ஒரு நிமிடம் ஆனந்தம்தான் என்கிறார்கள். வயிற்றைக் கலக்கும் உணர்வு கதவை விட்டு வந்ததுமே போய்விடுமாம். காற்று மெத்தை மாதிரி தாங்குமாம். ஒரு கையைச் சற்றுச் சாய்த்தால் உடம்பு திரும்பும். காலை நீட்டினால் முன்னே போகும். பாராசூட் விரிந்ததும் அந்த இரைச்சல் எல்லாம் அடங்கிவிடும். இறங்கும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்றால், அது நாலடிச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். (கணக்கைப் போட்டுப் பாருங்கள், தேர்வுக்கு வரலாம்!) தரைக்கு அருகில் இரு கைப்பிடிகளையும் சேர்த்துக் கீழே இழுத்தால் அதுவும் குறைந்து, படியிலிருந்து இறங்குவது போலக் கால் வைக்கலாம்.

என் சக் சாவி

நண்பர்களே, இனி என் கதை. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் பொது அறிவுதான்.

இரண்டாம் ஆண்டு லேத் பயிற்சியில் ஒரு நாள். நான் சக்கில் ஜாபை மாட்டி, சக் சாவியால் இறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பேசினேன். என் நண்பன் ஸ்விட்ச் பக்கத்தில் நின்று, "எல்லாம் ஓகேவாடா?" என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓகே, ஓகே, போடு" என்றேன்.

சாவி சக்கிலேயே இருந்தது.

ஒரு சத்தம். சாவி பறந்து போய்ச் சுவரில் அடித்து, காரை பெயர்ந்து விழுந்தது. என் நண்பனின் தலைக்கும் அந்த இடத்துக்கும் ஒரு முழம் இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சார் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "அவன் கேட்டான். நீ பார்க்காம சொன்னே" என்றார். அவ்வளவுதான். என் நண்பன் ஒன்றுமே சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் வேலை என்ன தெரியுமா? தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்ப்பது. ஓட்டை, விட்ட தையல், எண்ணெய்க் கறை எங்கே இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது. அம்மா பார்த்து முடித்ததை இன்னொருவர் மறுபடி பார்ப்பார். "நீங்க பார்த்ததையே மறுபடி பார்க்கறாங்களே, உங்களுக்குக் கோபம் வராதாம்மா?" என்று கேட்டேன். "எதுக்குச் சாமி கோபம்? மத்தியானம் மூணு மணிக்குக் கண்ணு சொக்கும். என் கண்ணு விட்டதை அவ கண்ணு புடிக்கும். பார்க்காம பாஸ் போட்டாத்தான் தப்பு" என்றார்.

இத்தனை நாள் அம்மாவின் வேலையை நான் வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் "கம்பெனியில வேலை" என்பேன். செக்கிங் என்று சொல்ல மாட்டேன். அது படிக்காதவர்கள் செய்கிற வேலை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். டிலாண்ட் ஊரில் பாராசூட் தைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே தையல்களைச் சோதிக்கும் வேலையும், திருப்பூரில் என் அம்மா செய்யும் வேலையும் அடிப்படையில் ஒன்றுதான். தான் பார்க்காத யாரோ ஒருவரை நினைத்து, பார்த்த பிறகே "சரி" என்று சொல்கிற வேலை.

நாம் என்ன செய்யலாம்?

நாம் எல்லோரும் ஸ்கை டைவிங் செய்யப் போவதில்லை. ஆனால் இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் லேத்திலும், பாய்லரிலும், கிரேனிலும், மின்கம்பியிலும் வேலைக்குப் போவோம். "ஓகேவா?" என்று ஒருவர் கேட்பார். நாம் சொல்லும் பதிலை நம்பி அவர் ஸ்விட்சைப் போடுவார். ஆகவே என் அனுபவத்தில் மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, மெஷினைப் போடும் முன் வாயால் சொல்லி, விரலால் தொட்டுப் பாருங்கள். சாவி எங்கே, ஜாப் இறுகியிருக்கிறதா, டூல் எங்கே, பக்கத்தில் யார் என்று பாருங்கள். ஐந்து வினாடிதான்.

இரண்டு, யாராவது "சரியா இருக்கா?" என்று கேட்டால், திரும்பிப் பார்த்த பிறகே பதில் சொல்லுங்கள்.

மூன்று, உங்கள் வேலையை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஜூனியராக இருந்தாலும் பரவாயில்லை. தப்பு கண்டுபிடித்தால் கோபப்படாதீர்கள். முடிந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

அந்தச் சுவரில் பெயர்ந்த காரை இன்னும் அப்படியே இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் மூன்றாவது லேத்துக்கு எதிரே. யார் செய்தது என்று இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் இப்போது பதில் கிடைத்திருக்கும். என் நண்பனும் நானும் இப்போதும் ஒரே பேட்ச்தான். ஸ்விட்சைப் போடும் முன் இன்றைக்கும் அவன் கேட்கிறான். நான் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.